மஞ்சள் காமாலை: பெயர் ஒன்று, நோய்கள் பல

"காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்று ஒரு பழமொழி உண்டு. உண்மை அப்படி அல்ல. காமாலை வந்தவருக்கு உலகம் எப்போதும் போலத்தான் தெரிகிறது. அவருடைய கண்தான் மற்றவர்களுக்கு மஞ்சளாகத் தெரிகிறது.

முதலில் கவனிப்பவரும் பெரும்பாலும் நோயாளி அல்ல. "என்னடா, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு?" என்று தாயோ, பக்கத்து வீட்டுக்காரரோ, டீக்கடையில் எதிரே உட்கார்ந்திருப்பவரோ கேட்கிறார்கள். அன்றே வீட்டில் கவலை தொடங்கிவிடுகிறது. எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்குகிறது. உப்பு நிறுத்தப்படுகிறது. மறுநாள் விடியற்காலை, வெறும் வயிற்றோடு, எங்கோ ஓர் ஊரில் இருக்கும் மருந்துக்காரரைத் தேடிப் பயணம்!

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் இது புதுக் காட்சி அல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இதே கதைதான். இத்தனைக்கும், வில்லியனூரிலிருந்து கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரி அரை மணி, முக்கால் மணிப் பயணம். வில்லியனூர்ப் பக்கம் ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமச் சுகாதார மையமே இருக்கிறது. ஆனாலும் காமாலை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது, அதற்கு நாட்டு மருந்துதான் என்ற எண்ணம் படித்தவர்களிடம்கூட இருக்கிறது.

அந்த எண்ணம் எங்கே சரியாகிறது, எங்கே உயிரைக் குடிக்கிறது? இதைப் புரிந்துகொள்ள, காமாலை என்பது என்ன என்று முதலில் தெரிய வேண்டும்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

காமாலை ஒரு நோயே அல்ல. காய்ச்சல் எப்படி ஓர் அறிகுறியோ, அப்படி இதுவும் ஓர் அறிகுறி. உள்ளே ஏதோ கோளாறு என்று உடம்பு ஏற்றிக் காட்டும் மஞ்சள் கொடி.

நம் ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களின் ஆயுள் சுமார் 120 நாட்கள். பிறகு அவை உடைகின்றன. உடைந்த அணுவிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. இது தினமும் எல்லோர் உடம்பிலும் நடப்பதுதான். இந்த மஞ்சளை வாங்கி, நீரில் கரையும்படி மாற்றி, பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்புவது கல்லீரலின் வேலை. மலத்துக்குப் பழுப்பு நிறம் வருவதே இதனால்தான்.

ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் பிலிருபின் சுமார் ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம். அது இரண்டரை, மூன்று என்று ஏறும்போதுதான் கண்ணில் தெரியும். ஆகவே கண் மஞ்சளாவதற்கு முன்பே கோளாறு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கண்ணை எப்படிப் பார்ப்பது? இதற்கும் ஒரு முறை உண்டு. மஞ்சள் பூசிக் குளிக்கும் பெண்களின் முகத்தைப் பார்த்துக் காமாலையைச் சொல்ல முடியாது. காரட்டும் பப்பாளியும் நிறையச் சாப்பிட்டால் உள்ளங்கைகூட மஞ்சளாகும். அதுவும் காமாலை அல்ல. கண்ணின் வெள்ளை விழியைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மஞ்சள் பல்பின் கீழ் பார்த்தால் எல்லாக் கண்ணும் மஞ்சள்தான்.

மூன்று இடங்களில் கோளாறு

குப்பை வண்டி வராவிட்டால் தெருவில் குப்பை குவிகிறது. காரணம் மூன்றாக இருக்கலாம். குப்பை அளவுக்கு மேல் சேர்ந்திருக்கலாம். வண்டிக்காரர் படுத்திருக்கலாம். அல்லது வண்டி போகும் பாதை அடைபட்டிருக்கலாம். காமாலையும் இப்படித்தான்.

சிவப்பு அணுக்கள் அளவுக்கு மேல் உடைவது முதல் வகை. மலேரியா, அரிவாள் அணு ரத்தசோகை போன்ற சில பரம்பரை ரத்த நோய்கள், தாய்க்கும் சேய்க்கும் ரத்த வகை ஒத்துக்கொள்ளாமை ஆகியவை இதில் சேரும். இந்த வகையில் நோயாளி வெளுத்தும் இருப்பார்.

கல்லீரலே நோயில் விழுவது இரண்டாவது வகை. கிருமி, சாராயம், சில மருந்துகள், விஷம் எல்லாம் இங்கே வருகின்றன. நம் ஊர்களில் மிக அதிகம் காணப்படுவது இதுதான்.

மூன்றாவது, பித்தக் குழாய் அடைபடுவது. கல் அடைக்கலாம், கட்டி நெருக்கலாம். சில சமயம் குடலில் இருக்கும் நாக்குப்பூச்சி ஏறிப் போய்க் குழாயை அடைப்பதும் உண்டு. இப்படி அடைத்தால் மஞ்சள் நிறம் குடலுக்குப் போகாது. மலம் களிமண் போல வெளுத்துவிடும். சிறுநீரோ கட்டித் தேயிலைத் தண்ணீர் மாதிரி இருக்கும். உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும். கல்லாக இருந்தால் வயிற்று வலி வரும். வயதானவருக்கு வலியே இல்லாமல் நாளுக்கு நாள் மஞ்சள் கூடிக்கொண்டே போனால், உள்ளே கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். இங்கே எந்தப் பச்சிலையும் வேலை செய்யாது. அடைப்பை எடுத்தாக வேண்டும்.

கில்பர்ட் என்று ஒரு பிறவித் தன்மையும் உண்டு. பட்டினி கிடந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ சிலருக்குக் கண் லேசாக மஞ்சளாகும். பிறகு தானே தெளிந்துவிடும். இதனால் ஆபத்து ஒன்றும் இல்லை.

டெல்லியில் நடந்தது

தண்ணீரில் வரும் காமாலை எப்படிப்பட்டது என்பதற்கு உலகமே இன்றும் சொல்லும் உதாரணம் நம் நாட்டுத் தலைநகரில் நடந்தது.

1955ஆம் ஆண்டு யமுனையில் பெருவெள்ளம். வெள்ளம் வடிந்தபோது ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது. நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் வஜீராபாத் நிலையத்தின் வாயருகே, நஜாப்கர் வாய்க்காலின் சாக்கடைத் தண்ணீர் வந்து சேர்ந்தது. இது நவம்பர் மாதத்தில் சுமார் ஒரு வாரம் நடந்தது. அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. குளோரினை அதிகமாகப் போட்டார்கள். அதனால் டைபாய்டு பெருகவில்லை. அபாயம் நீங்கியது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

டிசம்பர் பிறந்தது. டெல்லியில் கண்கள் மஞ்சளாகத் தொடங்கின. ஜனவரிக்குள் காமாலை கண்டவர்கள் சுமார் 29 ஆயிரம் பேர்! டைபாய்டுக் கிருமியைக் கொன்ற குளோரின், இந்தக் கிருமியைக் கொல்லவில்லை.

அது என்ன கிருமி? பல ஆண்டுகள் தெரியவில்லை. 1973ல் ஹெபடைடிஸ் ஏ கிருமியைக் கண்டுபிடித்தார்கள். டெல்லி நோயாளிகளின் ரத்தத்தைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் அதை எடுத்துச் சோதித்தார்கள். ஏ கிருமி காரணம் அல்ல என்று தெரிந்தது. 1978ல் காஷ்மீரிலும் இதே மாதிரி பெரும் தொற்று. பிறகு 1983ல் பாலயான் என்ற ரஷ்ய விஞ்ஞானி ஒரு துணிச்சலான காரியம் செய்தார். நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தாமே விழுங்கினார்! 36ஆம் நாள் அவருக்கு நோய் முற்றியது. கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார். அதுதான் இன்று ஹெபடைடிஸ் இ என்று அழைக்கப்படுகிறது. (இந்தச் சோதனையை யாரும் பின்பற்ற வேண்டாம்!)

இந்த இ வகை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே குணமாகிவிடும். ஆனால் கர்ப்பிணிகளுக்கு இது எமன். கடைசி மூன்று மாதத்தில் உள்ள கர்ப்பிணிகளுக்கு வந்தால், 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் மருந்துக்காரரைத் தேட ஒரு நாளும் இல்லை. அன்றே பெரிய ஆஸ்பத்திரிதான்.

வெள்ளம் போன பிறகு

டெல்லிக் கதையில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. நவம்பரில் குடித்த தண்ணீருக்கு டிசம்பரில் நோய் வந்தது. ஏ வகைக் கிருமி உடம்புக்குள் போய் நோய் தெரிய சராசரியாக 28 நாட்கள் ஆகும். இ வகைக்கு இரண்டு முதல் எட்டு வாரங்கள் வரை ஆகும். ஆகவே, ஊரில் பத்துப் பேருக்குக் காமாலை என்று கேள்விப்பட்டு இன்று தண்ணீரைச் சோதித்தால் அது சுத்தமாகவே இருக்கலாம். குற்றவாளி ஒரு மாதத்துக்கு முன்பே ஓடிவிட்டான்.

2024 நவம்பர் 30ஆம் தேதி பெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து, பாகூர்ப் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தது. வில்லியனூருக்கோ சங்கராபரணி ஆறு இருக்கிறது. இப்படிப்பட்ட வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் எண்ணுவது இடிந்த சுவரையும் அழுகிய நெல்லையும்தான். தண்ணீர்க் குழாயை யாரும் எண்ணுவதில்லை. வெள்ளத்துக்குப் பின் ஐந்து, ஆறு வாரம் வரை தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். வீடு காய்ந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

சரி, வெள்ளமே வராத காலத்தில் என்ன?

கிராமத்துத் தெருவில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். குழாயில் தண்ணீர் வேகமாக வருவதில்லை. ஆகவே வீட்டு வாசலில் பள்ளம் தோண்டி, குழாயைத் தாழ இறக்கி, அங்கே குடத்தை வைத்துப் பிடிக்கிறார்கள். சிலர் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் காற்று இழுக்கிறது. பள்ளத்தில் தேங்கிய அழுக்குத் தண்ணீர் திறந்த குழாய்க்குள் போகிறது. குழாய் எங்காவது விரிசல் விட்டிருந்தால், பக்கத்துச் சாக்கடையும் கழிவறைக் குழியின் கசிவும் உள்ளே போகின்றன. மறுநாள் தண்ணீர் விடும்போது அத்தனையும் தெரு முழுவதும் வீடு வீடாகப் பங்கு போடப்படுகிறது. மேல்நிலைத் தொட்டியில் எவ்வளவுதான் பிளீச்சிங் பவுடர் போட்டாலும், தொட்டிக்குப் பிறகு நடக்கும் இந்தக் கலப்படத்தை அது முழுதாகத் தடுக்காது. ஒரு வீட்டுக்காரர் போடும் மோட்டார் அந்தத் தெருவுக்கே கேடு. இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசர நிலையே அறிவிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். காலரா வரும் பாதையும் காமாலை வரும் பாதையும் ஒன்றுதான். காலரா ஓரிரு நாளில் காட்டிவிடும். காமாலை ஒரு மாதம் கழித்துக் காட்டும்.

படிப்பிலும் சுகாதாரத்திலும் பெயர் பெற்ற கேரளமும் தப்பவில்லை. 2024ல் எர்ணாகுளம் மாவட்டம் வேங்கூரில் குழாய்த் தண்ணீரால் ஹெபடைடிஸ் ஏ பரவி 200 பேருக்கு மேல் படுத்தார்கள். சாவும் நேர்ந்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஏ வகை சின்னக் குழந்தைக்கு வந்தால் பெரும்பாலும் மஞ்சளே தெரியாமல் போய்விடும். அதன் பிறகு ஆயுள் முழுதும் வராது. பெரியவர்களுக்கு வந்தால்தான் கடுமையாக இருக்கும். முன்பு எல்லோரும் குழந்தைப் பருவத்திலேயே அழுக்குத் தண்ணீரைக் குடித்து, வந்தது தெரியாமலே எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டார்கள். இப்போது வீடுகள் சுத்தமாகிவிட்டன. பிள்ளைகள் அந்தக் கிருமியைப் பார்க்காமலே வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். ஒரு நாள் ஒரு குழாய் உடைந்தால் போதும். அழுக்கில் கிடப்பது நல்லது என்று இதற்கு அர்த்தம் அல்ல. பாதி சுத்தம் போதாது என்று அர்த்தம். ஏ வகைக்குத் தடுப்பூசியும் உண்டு.

சேற்றில் இறங்குபவர்களுக்கு

பாகூர், புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய ஊர். ஏரிப் பாசனமும் நஞ்சையும் உள்ள இடத்தில் எலியும் உண்டு. அந்த எலியின் சிறுநீர் வயல் தண்ணீரில் கலக்கிறது. நாற்று நடுபவரின் காலில் பித்தவெடிப்போ, சேற்றுப்புண்ணோ இருந்தால் அதன் வழியே லெப்டோஸ்பைரா என்ற கிருமி உள்ளே போகிறது. இதுதான் எலிக்காய்ச்சல்.

திடீரென்று கடுங்காய்ச்சல். தலைவலி. கெண்டைக்காலைத் தொட முடியாத வலி. கண் சிவந்து போகும். பலருக்கு இத்துடன் தீர்ந்துவிடும். சிலருக்கு நாலைந்து நாளில் கண் மஞ்சளாகும், சிறுநீர் குறையும், சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து விழும். இந்தக் கடும் வகையை 1886லேயே ஜெர்மானிய டாக்டர் வெயில் என்பவர் விவரித்து எழுதினார்.

இதற்கு மருந்து உண்டு. அதுவும் விலை குறைந்த மருந்து. டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்றவை. ஆனால் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும். இங்கேதான் "காமாலைக்கு ஆஸ்பத்திரி வேண்டாம்" என்ற எண்ணம் கொலைகாரனாகிறது. சாதாரணக் காமாலை என்று நினைத்து, ஒரு வாரம் பச்சிலை அரைத்துக் கொடுத்துவிட்டு, சிறுநீர் நின்ற பிறகு தூக்கிக்கொண்டு ஓடினால் டாக்டர் என்ன செய்வார்? பச்சிலையில் விஷம் இல்லாமல் இருக்கலாம். போன அந்த ஒரு வாரம்தான் விஷம்.

தண்ணீரில் வரும் காமாலையில் கண் மஞ்சளாகும் சமயத்தில் காய்ச்சல் பெரும்பாலும் தணிந்துவிடும். மஞ்சளும் காய்ச்சலும் சேர்ந்தே இருந்தால் அது வேறு விஷயம். எலிக்காய்ச்சலாகவோ, மலேரியாவாகவோ, பித்தக் குழாயில் சீழ் பிடித்ததாகவோ இருக்கலாம். வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

மஞ்சளே காட்டாத திருடன்

பி, சி என்று இரண்டு வகை உண்டு. இவை தண்ணீரில் வருவதில்லை. ரத்தத்தின் வழியே வருகின்றன. ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடுவது, சோதிக்காத ரத்தம், பச்சை குத்தும் ஊசி, பொதுச் சவரக் கத்தி, உடலுறவு எல்லாம் இவற்றுக்குப் பாதை. பி வகை முக்கியமாகத் தாயிடமிருந்து பிரசவ சமயத்தில் குழந்தைக்குப் போகும். பெரியவருக்குப் புதிதாக வந்தால் 100க்கு 95 பேர் அதை விரட்டிவிடுவார்கள். பிறந்த குழந்தைக்கு வந்தால் 100க்கு 90 குழந்தைகளிடம் அது நிலையாகத் தங்கிவிடும். இருபது, முப்பது ஆண்டுகள் ஓசையில்லாமல் இருந்து, கல்லீரலைச் சுருக்கி, சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். கண் மஞ்சளாகும் நாள் கடைசிக் கட்டமாக இருக்கலாம்.

2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் பி வகை உள்ளவர்கள் 2 கோடியே 98 லட்சம் பேர். சி வகை உள்ளவர்கள் 55 லட்சம் பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பெரும்பாலானவர்களுக்குத் தங்களிடம் கிருமி இருப்பதே தெரியாது.

பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒன்று. பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள்ளேயே இதுவும் இருக்கிறது. அரசு சுகாதார நிலையங்களில் காசு இல்லை. சி வகைக்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலோர் முற்றிலும் குணமாகிவிடுகிறார்கள். 2018 ஜூலை 28ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் சோதனையும் மருந்தும் இலவசம்.

சாராயக் கடை

புதுச்சேரியில் காமாலையைப் பற்றிப் பேசிவிட்டுச் சாராயத்தைப் பேசாமல் விட முடியாது. இங்கே சாராயக் கடையும் கள்ளுக்கடையும் சட்டப்படி ஏலம் விடப்பட்டு நடப்பவை. பக்கத்துத் தமிழ்நாட்டைவிட மது மலிவு என்பதும் ஊரறிந்த செய்தி.

குடிப்பவரின் கல்லீரல் முதலில் கொழுப்பேறுகிறது. அப்போது ஒன்றும் தெரியாது. அந்தக் கட்டத்தில் குடியை விட்டால் கல்லீரல் பழையபடி ஆகிவிடும். விடாவிட்டால் வீங்கும்; பிறகு தழும்பேறிச் சுருங்கும். வயிற்றில் நீர் கட்டும். கால் வீங்கும். ரத்த வாந்தி வரும். குடிகாரருக்குக் கண் மஞ்சளானால் நோய் முற்றிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

இங்கேயும் ஒரு விபரீதம் நடக்கிறது. "உடம்பு சூடு ஏறிடுச்சு" என்று சொல்லி, பத்து நாள் பத்தியம் இருந்து, மருந்து குடிக்கிறார்கள். அந்தப் பத்து நாளும் குடிப்பதில்லை. கொஞ்சம் தெளிகிறது. பெயர் மருந்துக்குப் போகிறது! பதினோராம் நாள் மறுபடியும் கடை. உண்மையில் வேலை செய்த மருந்து, அந்தப் பத்து நாள் கடைக்குப் போகாமல் இருந்ததுதான். பல வருஷம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தும்போது நடுக்கமும் வலிப்பும் வரலாம். டாக்டரைப் பார்த்து நிறுத்துவதே சரி.

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மருந்துகளில் சில கல்லீரலைத் தாக்கக்கூடியவை. கண் மஞ்சளானாலோ, ஓயாத வாந்தி வந்தாலோ அன்றே மருந்து கொடுத்த டாக்டரிடம் சொல்ல வேண்டும். எலிக்கு வைக்கும் பசையைக் குழந்தை வாயில் வைத்துவிட்டால், அப்போது நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஓரிரு நாள் சும்மா இருந்துவிட்டுப் பிறகு கல்லீரலைக் கெடுக்கும் விஷம் அது.

மருந்துக்காரர் எப்படி ஜெயிக்கிறார்?

சில ஊர்களில் காமாலைக்கு மந்திரிக்கிறார்கள். சுண்ணாம்பு நீரில் நோயாளி கை கழுவினால் நீர் மஞ்சளாகிறது. "பார், நோய் இறங்குகிறது" என்கிறார்கள். பார்ப்பவர்களுக்குப் பிரமிப்பு! ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதல்லவா? இதுவும் அந்த மாதிரிதான். கையில் முன்பே மாம்பட்டைச் சாறு தடவியிருந்தால் சுண்ணாம்பு நீர் மஞ்சளாகும். காமாலையே இல்லாதவர் கை கழுவினாலும் ஆகும். கையில் சூடு போடுவது, கண்ணிலும் மூக்கிலும் சாறு விடுவது எல்லாம் இதைவிட மோசம். புண்ணும் பார்வைக் கேடும்தான் மிச்சம்.

ஆனால் "எங்கள் தாத்தாவுக்கு அங்கேதான் குணமானது" என்று நூறு பேர் சாட்சி சொல்கிறார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. ஏ வகையும் இ வகையும் பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஆறு வாரங்களில் தாமே குணமாகின்றன. மருந்து கொடுத்தாலும் குணமாகும், கொடுக்காவிட்டாலும் குணமாகும். பிழைத்தவர்கள் ஊர் ஊராகச் சொல்கிறார்கள். இறந்தவர்கள் வந்து சொல்வதில்லை.

கீழாநெல்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை ஏளனம் செய்வது நியாயம் அல்ல. விஞ்ஞானிகளே அதைச் சோதித்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், பி கிருமியைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானியோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். பி கிருமியைச் சுமந்த 37 பேருக்கு முப்பது நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று 1988ல் லண்டன் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம்தான் அப்படி மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்று இதுவே நிலை. நம்பிக்கை ஊட்டிய மூலிகைதான்; ஆனால் நிரூபிக்கப்பட்ட மருந்து அல்ல. ஒருவர் அதை மோரில் கலந்து குடிப்பதைவிட, அதைக் குடித்துவிட்டு ரத்தச் சோதனைக்குப் போகாமல் இருப்பதே ஆபத்து.

பத்தியமும் அப்படித்தான். உப்பில்லாத கஞ்சியில் ஒரு மாதம் கிடந்தால் நோயாளி இளைத்து எலும்பாகிறார். சாப்பாட்டில் மஞ்சள் சேர்க்கக் கூடாது என்பதற்கும் காரணம் இல்லை. சமையல் மஞ்சளுக்கும் கண் மஞ்சளுக்கும் சம்பந்தம் நிறம் மட்டும்தான். குமட்டல் இருக்கும் வரை எண்ணெய் பிடிக்காது, அப்போது குறைத்துக்கொள்ளலாம். சோறு, பருப்பு, பழம், மோர் எல்லாம் சாப்பிடலாம். சாராயம் மட்டும் ஒரு சொட்டும் ஆகாது. நோயாளி உளறினாலோ, இரவில் விழித்துப் பகலில் தூங்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ கல்லீரல் கைவிடுகிறது என்று அர்த்தம்.

பிறந்த குழந்தைக்கு

நிறைமாதத்தில் பிறந்த 100 குழந்தைகளில் சுமார் 60 குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் லேசாக மஞ்சள் தெரியும். குறைமாதமானால் 80 குழந்தைகளுக்கு. பிஞ்சுக் கல்லீரல் வேலை கற்றுக்கொள்ளும் வரை இப்படி இருக்கும். இரண்டாம், மூன்றாம் நாள் தொடங்கி ஓரிரு வாரத்தில் மறைந்தால் பயம் இல்லை. பிறந்த அன்றே, 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தால் அது ஆபத்து. மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். உள்ளங்காலுக்கு வந்துவிட்டாலும், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் நீடித்து மலம் வெளுத்தாலும் தாமதிக்கக் கூடாது. பிலிருபின் மிக அதிகமானால் மூளையில் படிந்துவிடும். பிறகு காது கேட்காமலும் கைகால் இழுத்தும் அந்தக் குழந்தை ஆயுள் முழுதும் கஷ்டப்படும்.

இதற்கு மருந்து, வெளிச்சம்! அதைக் கண்டுபிடித்தவர் ஒரு நர்ஸ். 1956ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் ராச்போர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரி. குறைமாதக் குழந்தைகளைக் கவனித்த சிஸ்டர் வார்டு என்பவர், நல்ல வெயில் அடிக்கும் நாளில் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்து முற்றத்துக்குக் கொண்டுபோவார். டாக்டர்களுக்குத் தெரிந்தால் திட்டுவார்கள் என்று சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவந்துவிடுவார். ஒரு நாள் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் குறைந்திருந்தது. துணி மூடியிருந்த ஒரு துண்டு இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது. டாக்டர்கள் ஏதோ மருந்து பூசியிருக்கிறார் என்று நினைத்தார்கள். பிறகு, ஜன்னலோரம் வெயிலில் மறந்து வைத்த ரத்தக் குழாயிலும் பிலிருபின் குறைந்திருந்தது. விஷயம் புரிந்தது. 1958ல் கிரெமர் என்ற டாக்டர் விளக்கு ஒன்றைச் செய்து, முடிவுகளை லான்செட்டில் வெளியிட்டார்.

இன்று பிரசவ ஆஸ்பத்திரிகளில் நீல விளக்கின் கீழ் படுத்திருக்கும் குழந்தைகளைக் காணலாம். அந்த ஒளி தோலுக்குள் உள்ள மஞ்சளை உருமாற்றி வெளியே போகச் செய்கிறது. "காலை வெயிலில் காட்டினால் போதும்" என்று பாட்டிமார் சொல்வதில் அறிவு இருக்கிறது. ஆனால் அளவு இல்லை. மஞ்சள் ஏறிவிட்ட குழந்தைக்கு வாசல் வெயில் காணாது. விளக்கின் கீழ் வைக்கும்போது குழந்தையின் கண்ணைத் துணியால் மூடியிருப்பார்கள். அதைப் பார்த்துத் தாய் பதற வேண்டாம். இரண்டு மணிக்கு ஒரு முறை எடுத்து, அந்தத் துணியை விலக்கி, பால் கொடுத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம்.